இரண்டாம் நாள் ருசி

1922 ஜூலை மாதம், அமெரிக்கச் சாரணச் சிறுமியர் இயக்கத்தின் பத்திரிகையான 'தி அமெரிக்கன் கேர்ள்' ஒரு பிஸ்கட் செய்முறையை வெளியிட்டது. எழுதியவர் சிகாகோ கிளையின் இயக்குநர் ஃப்ளாரன்ஸ் நீல். ஒரு கப் வெண்ணெய், ஒரு கப் சர்க்கரை, இரண்டு முட்டை, கொஞ்சம் பால், வனிலா, மாவு, உப்பு, பேக்கிங் பவுடர். அவ்வளவுதான். ஆறேழு டஜன் பிஸ்கட்டுக்கு வேண்டிய சாமான் 26 முதல் 36 சென்ட்டுக்குள் அடங்கிவிடும், டஜனை 25, 30 சென்ட்டுக்கு விற்கலாம் என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1917இல், ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி ஊரில் ஒரு சிறுமியர் குழு பிஸ்கட் சுட்டுப் பள்ளி உணவுக்கூடத்தில் விற்றிருந்தது. அம்மாக்கள் துணைக்கு நிற்க, பிள்ளைகள் மாவு பிசைந்து, வீட்டு அடுப்பில் சுட்டு, மெழுகுத்தாள் பையில் கட்டி, வீடு வீடாகப் போய் விற்ற பண்டம் அது. 1934இல் ஃபிலடெல்ஃபியா கிளை, பேக்கரியில் சுட்ட பிஸ்கட்டை விற்கத் தொடங்கியது. 1936இல் தேசிய அமைப்பே பேக்கரிகளுக்கு உரிமம் கொடுத்தது. இன்றைக்கு இரண்டே நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் சுட்டுப் பெட்டியில் அடைத்துக் கொடுக்கின்றன.

அந்தப் பெட்டிகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். மெல்லிய, மொறுமொறுப்பான வட்ட பிஸ்கட். அதன்மேல் ஒரு படலம் பீனட் பட்டர். இரண்டையும் சேர்த்து மூடிய சாக்லேட். ஒரு பேக்கரி இதை 'டேகலாங்ஸ்' என்கிறது, இன்னொன்று 'பீனட் பட்டர் பேட்டீஸ்' என்கிறது. ஜனவரி தொடங்கி வசந்த காலம்வரை, மளிகைக்கடை வாசலில் மடக்கு மேசை போட்டு, குளிருக்கு மூக்குச் சிவந்த சிறுமிகள் விற்பார்கள். நான் இருக்கும் நியூஜெர்சியில் அந்த மேசைகளுக்குப் பின்னால் நம் பிள்ளைகளும் நிறையப் பேர் நிற்கிறார்கள். வசந்தம் போனால் பெட்டியும் போய்விடும். ஆகஸ்டில் நாக்கு கேட்டால் வீட்டில் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை. அமெரிக்க வீடுகளில் எத்தனையோ பேர் அப்படிச் செய்கிறார்கள். சமையலறையில் பிறந்து தொழிற்சாலைக்குப் போன பண்டம், இப்படியாக மறுபடி சமையலறைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெட்டியில் வருவதை அச்சு அசலாகக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். அந்தப் பாடு தேவையில்லை என்பது என் கட்சி. பெட்டிக்குள் இருக்கும் பிஸ்கட் பல மாதம் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் புத்தி எல்லாம் அதிலேயே செலவாகியிருக்கிறது. வீட்டில் செய்வதற்கு ஒரு வாரம்தான் ஆயுள். அந்த ஒரு வாரத்துக்குள் அது நாளுக்கு நாள் மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் இதன் ருசி இருக்கிறது. மாறுவதற்குக் காரணம் கடலை எண்ணெய்.

கடலையிலிருந்தே தொடங்குகிறேன். பாட்டிலில் கிடைக்கும் பீனட் பட்டரைத் தடவினாலும் பிஸ்கட் வந்துவிடும். ஆனால் வீட்டில் செய்வதென்று இறங்கியபின் கடலையை வறுப்பதிலிருந்து தொடங்குவதே அதற்குச் செய்யும் மரியாதை. இந்தியக் கடையில் சிவப்புத் தோலோடு பச்சைக் கடலை கிடைக்கிறது. தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் போல வைத்து, இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். தோல் வெடிக்கும் சத்தம் மெல்லக் கேட்கும். வாசனை சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வரும்போது ஒரு பருப்பை எடுத்துப் பிளந்து பார்த்தால், உள்பக்கம் வெளிர்மஞ்சள் மாறி இளம்பழுப்பாகத் தொடங்கியிருக்கும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம். வெளியே எடுத்தபின்னும் சூட்டில் கொஞ்ச நேரம் வறுபட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆறவிட்டு, துணியில் போட்டுத் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துபோகும். முறத்துக்கு மாற்றாக இங்கே எதுவும் இல்லை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சின்ன முறம் ஒன்று என் வீட்டில் இதற்காகவே இருக்கிறது.

மிக்ஸியில் போட்டதும் கடலை முதலில் பொடியாகும். நிறுத்தாமல் ஓடவிட்டால் பொடி ஈரமாகி ஜாரின் சுவரில் அப்பும். வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் ஒரே உருண்டையாகத் திரண்டு கத்தியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இந்த இடத்தில் பயந்துபோய்ப் பலர் தண்ணீர் விடுகிறார்கள், அல்லது எண்ணெய் விடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஜார் சூடேறாமல் இருக்க நடுநடுவே நிறுத்தி, பொறுமையாக மேலும் ஓட்டினால், அந்த உருண்டை தானாகவே தளர்ந்து, பளபளத்து, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும். ஒரு சொட்டு எண்ணெயும் வெளியிலிருந்து சேரவில்லை. கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அது நுண்ணறைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தது. கத்தி அந்த அறைகளை உடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

உடைந்து வெளியே வந்த எண்ணெய் அப்படியே நிற்காது. ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் சில நாளில் மேலே எண்ணெயும் அடியில் இறுகிய வண்டலுமாகப் பிரிந்துவிடும். பீனட் பட்டரின் வரலாறே இந்தப் பிரிவினையோடு மனிதர்கள் நடத்திய மல்லுக்கட்டுதான். மாண்ட்ரியலைச் சேர்ந்த மார்செலஸ் கில்மோர் எட்சன் 1884இல் கடலை விழுதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். மிச்சிகனில் பேட்டில் கிரீக் சிகிச்சை இல்லத்தை நடத்திவந்த ஜான் ஹார்வி கெல்லாக் 1895இல், வேகவைத்த பருப்பை அரைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் மரக்கறிக்காரர். இறைச்சிக்கு மாற்றாக, மெல்ல எளிதான ஒரு சத்துணவு தன் நோயாளிகளுக்கு வேண்டும் என்பது அவர் கவலை. அந்தக் காலத்துக் கடைகளில் பெரிய தொட்டிகளில் பீனட் பட்டரை வைத்துத் துடுப்பால் கிண்டிக் கிண்டி விற்றார்கள். 1920களின் தொடக்கத்தில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் இதற்கு ஒரு வழி கண்டார். ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயைச் சிறிதளவு சேர்த்தால், அது விழுது முழுக்க நுண்ணிய படிகங்களாக உறைந்து, மற்ற எண்ணெயை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். 1930களில் அவர் 'ஸ்கிப்பி' என்ற பெயரில் தானே விற்க ஆரம்பித்தார். பாட்டில் பல மாதம் அலமாரியில் நிற்க முடிந்ததும், பீனட் பட்டர் அமெரிக்கப் பிள்ளைகளின் அன்றாட உணவானதும் அதன் பிறகுதான்.

பிடித்துவைக்கும் எண்ணெய் வந்தபின் அதன் அளவு கூடிக்கொண்டே போனது. கடலை குறைந்தது. 1959இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பீனட் பட்டர் என்ற பெயரில் விற்கப்படும் பொருளில் 95 விழுக்காடு கடலை இருக்க வேண்டும் என்று முன்மொழிந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது, சாட்சியங்கள் பல ஆயிரம் பக்கங்களுக்குப் போயின. அந்த விசாரணைகளில் நாள் தவறாமல் போய் உட்கார்ந்து, கடலை வெண்ணெயில் கடலை இருக்க வேண்டும் என்று வாதாடியவர் ரூத் டெஸ்மண்ட். குடும்பத் தலைவியரின் கூட்டமைப்பு ஒன்றை நிறுவியவர். கடைசியில் 90 விழுக்காடு என்று முடிவாகி, 1971இல் விதி நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் பீனட் பட்டர் என்ற பெயரில் எந்த பாட்டிலை வாங்கினாலும் அந்த 90 விழுக்காட்டுக்குக் காவல் அந்த விதிதான். ஒரு நாட்டின் உணவுச் சட்டத்தில் சமையலறையின் குரல் இத்தனை நேராகக் கேட்ட சந்தர்ப்பங்கள் அதிகம் இல்லை. டெஸ்மண்டின் பெயர் பள்ளிப் பாடத்தில் வர வேண்டிய பெயர்.

பிஸ்கட்டுக்கு வருகிறேன். 225 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, 280 கிராம் மைதா, உப்பு ஒரு சிட்டிகை, கொஞ்சம் வனிலா. முட்டை வேண்டாம். பிசைந்து, குளிரவைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வட்டமாக வெட்டி, 175 டிகிரியில் ஓரம் மட்டும் நிறம் மாறும்வரை சுட்டால் போதும். இந்தப் பகுதியில் பெரிய நுணுக்கம் எதுவும் கிடையாது. முழுக்க ஆற வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். மேலே வைக்கும் கடலை விழுதோடு பொடித்த சர்க்கரையைச் சேர்த்து, உருட்டினால் உருண்டை நிற்கும் பக்குவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சர்க்கரைப் பொடி இனிப்புக்காக மட்டும் போடுவதல்ல. அது எண்ணெயை உறிஞ்சிப் பிடிக்கிறது. தேனோ வெல்லப்பாகோ போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். அவற்றில் தண்ணீர் இருக்கிறது, விழுது கல்லாக இறுகிவிடும். உப்பைத் தாராளமாகவே போடலாம். உப்பில்லாத கடலைவிழுது சாக்லேட்டுக்குள் போனால் இருக்கும் இடமே தெரியாது.

இனி சாக்லேட். இங்கேதான் வீட்டுக்காரர்கள் தோற்றுப்போகிறார்கள், தோற்கிறோம் என்றே தெரியாமல். கட்டியை உருக்கினார்கள், முக்கினார்கள், ஆறியது. ஆனால் பளபளப்பு இல்லை, கடித்தால் சடக்கென்று முறியவில்லை, விரலில் உடனே ஒட்டுகிறது. வாங்கிய கட்டி பளபளவென்றுதானே இருந்தது? கொக்கோ வெண்ணெய் உறைவதற்கு ஆறு விதமான படிக வடிவங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் உருகும். அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேண்டியது. அது ஏறக்குறைய 34 டிகிரியில் உருகுகிறது. கையில் நிற்கும், வாயில் கரையும். நம் உடம்புச் சூட்டுக்கு மூன்றே டிகிரி கீழே. சாக்லேட்டின் இன்பம் முழுவதும் இந்த மூன்று டிகிரி இடைவெளிக்குள் இருக்கிறது. சும்மா உருக்கி ஆறவிட்டால் நிலையில்லாத கீழ் வடிவங்கள் முந்திக்கொண்டு உறைந்துவிடும். அவற்றுக்கு மினுக்கும் இல்லை, முறிவும் இல்லை.

அதனால் கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிவரை சூடாக்கி, பழைய படிகம் எதுவும் மிஞ்சாமல் உருக்கிவிட்டு, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கீழ் வடிவங்கள் உருகிப்போய் ஐந்தாவது மட்டும் நிற்கும். வீட்டுக்குச் சுலபமான வழி இன்னொன்று: கட்டியில் முக்கால் பங்கை உருக்கி, உருக்காமல் வைத்த கால் பங்கைத் துருவி அதில் தூவிக் கிண்டிக்கொண்டே இருப்பது. துருவலில் உள்ள நல்ல படிகங்கள் விதையாகின்றன. பாலுக்கு உறைமோர் ஊற்றுகிற மாதிரி. தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகைக் கையால் பார்த்துப் பழகிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதிலும் பதம் பிடிபட்டுவிடும். கரண்டியில் எடுத்த சாக்லேட்டைக் கீழ் உதட்டில் தொட்டுப் பார்த்தால் சற்றே குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். கத்தி முனையில் தொட்டு வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் மினுக்கோடு உறைய வேண்டும். உறையாமல் கோடு கோடாக மங்கினால் இன்னும் பதம் வரவில்லை என்று பொருள்.

தண்ணீர் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. கொதிக்கும் பாத்திரத்தின்மேல் கிண்ணம் வைத்து உருக்குகிறவர்கள், கிண்ணத்தைத் தூக்கும்போது அடியில் வழியும் நீராவியைத் துடைத்துவிட வேண்டும். ஒரு சொட்டு விழுந்தால் போதும், சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரம்பட்டு ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் மண்ணாகக் கட்டிவிடும்.

முக்குவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. விழுது தடவிய பிஸ்கட் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வந்து, சில்லிப்பு பாதி போயிருக்க வேண்டும். மிகக் குளிராக இருந்தால் சாக்லேட் உறைந்து சுருங்கும்போது விரிசல் விடும். முள்கரண்டியின்மேல் பிஸ்கட்டை வைத்து, சாக்லேட்டுக்குள் அமிழ்த்தி, தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் மெல்லத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட மேலே அலை அலையாக நின்ற சாக்லேட் சமனாகி, கடலை விழுதின் மேடு பள்ளம் மட்டும் மங்கலாகத் தெரியும். கரண்டியின் அடியை விளிம்பில் ஒருமுறை இழுத்துவிட்டு, மெழுகுத்தாளில் சரித்து இறக்கினால் போயிற்று. அதிகப்படியாக வழிந்தது அடியில் ஒரு பாதம்போலப் பரவும். கடைக்காரர்கள் அதைக் குறை என்பார்கள். வீட்டில் அந்தப் பாதத்தை உடைத்துத் தின்னவே ஒரு கூட்டம் காத்திருக்கும். இறக்கி வைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓரத்தில் ஈர மினுக்குப் போய் ஒரு மென்மையான பட்டுப்பளபளப்பு தோன்றி, உள்நோக்கி நகர்ந்துகொண்டே போய் நடுவில் மூடிக்கொள்ளும். அடுத்த பிஸ்கட்டை முக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

இந்த வேலைக்கு 20 டிகிரி அறை வேண்டும். நியூஜெர்சி ஜனவரிக்கு அது கிடைக்கிறது. கிடைக்காதவர்கள் பதத்தைத் தவிர்க்க வேறு வழிகளுக்குப் போகிறார்கள். ஒகையோ மாநிலத்தில் பக்கை என்றொரு மிட்டாய் உண்டு. கடலை விழுது உருண்டையைச் சாக்லேட்டில் முக்கி, உச்சியில் மட்டும் வட்டமாகத் திறந்து விடுவார்கள், அம்மாநில மரமான பக்கையின் கொட்டையைப் போல இருக்கும். அதன் பழைய வீட்டுச் செய்முறைகளில், உறை நிற்பதற்காகச் சாக்லேட்டில் பாரஃபின் மெழுகைச் சீவிப் போட்டார்கள். இப்போது தேங்காயெண்ணெய் விடுகிறார்கள், அல்லது நம் ஊர் வீட்டு பேக்கர்கள் 'காம்பவுண்ட்' என்கிற, கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு போட்ட கட்டியை உருக்குகிறார்கள். காம்பவுண்டுக்குப் பதம் பார்க்க வேண்டாம், எப்படி ஆறவிட்டாலும் மினுங்கும். குழந்தைகளோடு சேர்ந்து செய்கிறவர்களுக்கு அது சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாயில் அது கரைவதில்லை, வழுக்குகிறது. பீனட் பட்டரில் எண்ணெயின் நகர்வை நிறுத்தியதுபோலவே இதுவும் ஒரு நிறுத்தல்.

கடலையும் கொக்கோவும் அமெரிக்காவில் கைகோத்த கதையும் ஒரு வீட்டில்தான் நடந்தது. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில், ஹெர்ஷி நிறுவனத்தின் பால்பண்ணையில் வேலை பார்த்த எச். பி. ரீஸ், பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற வீட்டு நிலவறையில் மிட்டாய் செய்யத் தொடங்கினார். பல வகை செய்தார். 1928இல் வந்தது சாக்லேட் கிண்ணத்துக்குள் கடலை விழுது வைத்த மிட்டாய். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சர்க்கரை குறைவாகச் செலவாகும் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார். அது நிலைத்துவிட்டது. 1963இல் ரீஸ் நிறுவனம் ஹெர்ஷியோடு இணைந்தது.

இரண்டு செடிகளும் ஒரே கண்டத்துப் பிள்ளைகள். கடலை ஆண்டீஸ் மலையின் கிழக்கு அடிவாரத்துச் செடி, கொக்கோ அமேசான் மேற்பகுதியின் மரம். பெருவில் சிபான் என்ற இடத்தில் 1987இல் அகழ்ந்த மோச்சே பிரபுவின் கல்லறையில், கடலைக்காய் வடிவ மணிகள் கோத்த ஆரம் கிடைத்தது. ஒரு பாதி பொன்மணி, மறுபாதி வெள்ளிமணி. தோட்டின் வரிகள்கூடத் துல்லியமாக இருக்கும். அத்தனை மதிப்பாக வாழ்ந்த செடி, போர்த்துகீசியர் வழியாக ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களோடு வட அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்கு வந்தபோது பன்றித் தீவனம் என்றும் ஏழைகளின் சோறு என்றும் பெயரெடுத்தது. கொக்கோவோ எதிர்த்திசையில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. அந்தத் தோட்டங்களில் குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிப்பதாக 2001இல் நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன. இன்னும் ஒழிந்தபாடில்லை. சாக்லேட் வாங்கும்போது கட்டி எங்கே விளைந்தது, யார் வாங்கிச் செய்தது என்று பார்த்து வாங்குகிறேன். இனிப்புச் செய்கிறவருக்கு அந்தக் கடமை உண்டு.

தெற்கு மாநிலங்களில் கடலையின் மானத்தை மீட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, அலபாமாவின் டஸ்கீகியில் வேளாண் ஆசிரியராக இருந்தவர். பீனட் பட்டரைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அவர் செய்தது வேறு. பருத்தி உறிஞ்சித் தீர்த்த மண்ணில் கடலை போடுங்கள், மண்ணும் பிழைக்கும், நீங்களும் சாப்பிடலாம் என்று ஏழைக் கறுப்பின விவசாயிகளிடம் சொன்னார். 1916இல் அவர் வெளியிட்ட சிற்றேட்டில் கடலையைச் சமைக்க 105 வழிகள் இருந்தன. அவற்றுள் கடலை பிஸ்கட்டும் உண்டு. பருத்திக் காய்த்துளைப்பான் வண்டு அலபாமாவைச் சூறையாடிய காலம் அது. கடலைக்கு மாறிப் பிழைத்துக்கொண்ட என்டர்பிரைஸ் என்ற ஊர், 1919இல் அந்த வண்டுக்கே நன்றி சொல்லி நடுத்தெருவில் நினைவுச்சின்னம் எழுப்பியது.

இனி தலைப்பில் சொன்ன இரண்டாம் நாளுக்கு வருகிறேன். செய்த அன்றைக்குக் கடித்தால் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். உறை சடக்கென்று முறியும், விழுது நாக்கில் ஒட்டும், பிஸ்கட் நொறுங்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றையொன்று இன்னும் அறிந்திருக்காது. வைத்த இடத்தில் கடலை எண்ணெய் சும்மா இருக்காது. அறை வெப்பத்தில் அது திரவம். கொக்கோ வெண்ணெயிலும் ஒரு சிறு பகுதி எப்போதும் திரவமாகவே இருக்கும். அந்த இடுக்குகள் வழியாகக் கடலை எண்ணெய் உறைக்குள் ஏறும். கீழே பிஸ்கட்டுக்குள்ளும் இறங்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் முறிவு கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் சாக்லேட்டிலேயே வறுத்த கடலை மணக்கும். பிஸ்கட்டின் வறட்சி போயிருக்கும். உப்பு எல்லா அடுக்குக்கும் பரவிய மாதிரி இருக்கும்.

போன ஆண்டு தங்கை மகள் வந்திருந்தபோது, அவளுக்கு வேண்டுமென்றே இரண்டாம் நாள் பிஸ்கட்டைக் கொடுத்தேன். அவளும் சாரணக் குழுவில் இருக்கிறாள், பெட்டி பெட்டியாக விற்கிறவள்.

"பெரியம்மா, இது நாங்க விக்கற மாதிரி இல்ல."

"நல்லா இல்லையாடி?"

"அப்படி இல்ல. எங்க பாக்ஸ்ல மேல சாக்லேட், உள்ள பீனட் பட்டர். இதுல எல்லாமே எல்லாத்துலயும் இருக்கு."

பத்து வயதுப் பிள்ளை சொன்னது. வேதியியல் நூலிலும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள், நீளமாக.

எண்ணெய் அங்கே நிற்பதில்லை. ஐந்தாறு நாளில் உறை மேலும் இளகும், விரல் பதியும். அதற்கப்புறம் மேலே சாம்பல் பூத்தாற்போல வெண்படலம் வரும். கடலை எண்ணெய் கரைத்துக்கொண்டு வந்த கொக்கோ வெண்ணெய் மேற்பரப்பில் வேறு படிகமாக உறைவதால் வருவது அது. பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள், பாவம். தின்னத் தகாதது எதுவுமில்லை, அழகு போனது அவ்வளவுதான். தொழிற்சாலைகள் இந்தப் பூப்பைத் தடுக்க என்னென்னவோ செய்கின்றன. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று எண்ணி, நாலு நாளுக்கு மேல் மிஞ்சாத அளவில் செய்ய வேண்டும். பெயர் தெரிந்தவர்களுக்காகச் செய்வதால்தான் அது முடிகிறது.

கொடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிராபத்து. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் கடலை உள்ளே வரவே கூடாது. பல ஆண்டுகள், கைக்குழந்தைகளுக்குக் கடலை காட்டாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கடலை உணவைக் கொடுத்துவந்தபோது, ஒவ்வாமை 80 விழுக்காடு போலக் குறைந்திருந்தது. அறிவுரை மாறிவிட்டது, ஆனால் ஏற்கனவே ஒவ்வாமை வந்தவர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். கடைப் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், வீட்டுத் தட்டில் இருக்காது. சாக்லேட் மூடியிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தும் தெரியாது. தட்டை நீட்டும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியுமா என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் முடியாது. வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி அடிக்கும்போது ஐந்தாவது படிகம் உறைய வழியில்லை. நம் நிலத்துக்கு நம்மவர் கண்ட பண்டம் கடலைமிட்டாய். 2020இல் கோவில்பட்டிக்காரர்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அந்த மிட்டாயில், கடலையை அரைப்பதில்லை, உடைத்த பருப்பாகவே பாகில் போடுகிறார்கள். எண்ணெய் அதனதன் அறைக்குள்ளேயே பத்திரமாக இருப்பதால்தான், வெயில் காயும் பேருந்து நிலையக் கடைகளில் அது நாள்கணக்கில் கலங்காமல் நிற்கிறது. அந்த அறிவுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் சாக்லேட் பிஸ்கட்டுக்கும் ஒரு பருவம் அங்கே உண்டு. மார்கழி, தை அதிகாலைகளில் சமையலறை 22, 23 டிகிரிக்கு வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கலாம். கொக்கோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதும் இல்லை. ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது, அதிலிருந்து நல்ல கட்டிகளும் வருகின்றன. கடலைக்குத் திண்டிவனத்தைச் சுற்றிய செம்மண் நிலம் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தெருவுக்குத் தெரு 'ஹோம் மேட் சாக்லேட்' விற்பதற்கு அந்த மலைகளின் குளிர்ச்சிதான் காரணம். மார்கழிவரை காத்திருக்க முடியாதவர்கள், கோடை விடுமுறைக்கு அங்கே போகும்போது, வறுத்து அரைத்த கடலை விழுது ஒரு பாட்டிலும், சுட்ட பிஸ்கட் ஒரு டப்பாவும் கொண்டுபோகலாம். சாக்லேட்டை மேலே போய் வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் மாலை முக்கி வைத்தால், மறுநாள் மலையிறங்கும்முன் சாப்பிடச் சரியாக இருக்கும்.